தெரிந்தும் சொல்லாத வக்கீல்

“கொன்றவன் யார் என்று தெரிந்துவிட்டது. அப்புறமும் அந்த வக்கீல் ஏன் நேரே போலீஸிடம் போய்ச் சொல்லவில்லை?” மைக்கேல் கானலியின் ‘தி லிங்கன் லாயர்’ நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கேயாவது ஓரிடத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கும். நாவலை ஒரே மூச்சில் முடித்தேன் என்கிறவரும் கேட்பார், பாதியில் மூடி வைத்தேன் என்கிறவரும் கேட்பார். நாவலின் ஓட்டை இது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கேள்வியைச் சமாளிக்கக் கானலி மெனக்கெட்டது உண்மை, ஆனால் கேள்வி பிறந்தது நாவலில் இல்லை. அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே நியூயார்க் மாநிலத்து ஊர் ஒன்றே கொதித்து எழுந்து இதைக் கேட்டிருக்கிறது. கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. படிக்காதவர்கள் முடிவு தெரிந்தால் பரவாயில்லை என்றால் மட்டும் தொடரலாம்.

2005-இல் வெளிவந்த இந்த நாவல் கானலியின் முதல் சட்டத் திரில்லர். முதல் நாவல் என்று சொல்ல முடியாது. 1992-இல் ‘தி பிளாக் எக்கோ’ மூலம் ஹாரி போஷ் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் துப்பறியும் அதிகாரியை அறிமுகப்படுத்தி, முதல் நாவலுக்கான எட்கர் விருதும் வாங்கியவர் அவர். அதற்கு முன் ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ பத்திரிகையில் குற்றச் செய்தியாளர். வழக்காடி அனுபவமில்லாதவர். 2001-இல் ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போனபோது அங்கே அறிமுகமான வக்கீல் ஒருவர், தனக்கு ஆபீஸ் கிடையாது, காரின் பின்சீட்டிலிருந்தே தொழில் நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கவுண்டி முழுக்கச் சிதறிக் கிடக்கும் கோர்ட்டுகளுக்கு ஓடுகிறவருக்கு அதுதான் வசதி. நாவலின் நாயகனான வக்கீல் மிக்கி ஹாலரும் அவனுடைய லிங்கன் டவுன் காரும் அப்படித்தான் பிறந்தார்கள்.

பதிமூன்று ஆண்டுகளாகக் கானலியின் வாசகர்கள் போலீஸ்காரனின் தோளுக்குப் பின்னால் நின்று உலகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1994-இல் வந்த ‘தி கான்க்ரீட் பிளாண்ட்’ நாவலிலும் கோர்ட் உண்டு, தொடர் கொலையாளியும் உண்டு. ‘டால்மேக்கர்’ என்ற கொலையாளி என்று நினைத்துப் போஷ் ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான். செத்தவனின் மனைவி வழக்குப் போடுகிறாள், போஷைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறாள் ஹனி சாண்ட்லர் என்ற வக்கீல். அவள் கெட்டிக்காரி, வாதத்தில் நியாயமும் இருக்கிறது, ஆனாலும் வாசகர் போஷ் பக்கம்தான். அதே வாசகரைக் கூட்டிக்கொண்டு போய் 2005-இல் எதிர்த்தரப்பு நாற்காலியில் உட்கார வைத்தார் கானலி. முதல் நூறு பக்கத்தில் ஹாலரைப் பிடிக்கவில்லை என்று பலர் முறையிடுவதற்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணம். மோட்டார் சைக்கிள் கும்பல்காரனிடம் ரொக்கமாக ஃபீஸ் வாங்கிக்கொண்டு, வாய்தா வாங்கியே பணத்தைக் கறக்கும் ஆள் அவன். நல்லவனாக அவனை அறிமுகம் செய்யக் கானலி எந்த முயற்சியும் எடுக்கவில்லை. இதை நான் நாவலின் பலமாகவே எண்ணுகிறேன்.

இனி கதையின் முடிச்சு. பெவர்லி ஹில்ஸில் வீடு விற்கும் பணக்கார இளைஞன் லூயிஸ் ரூலே. ஒரு பெண்ணை அடித்துக் குத்த முயன்றதாக அவன்மேல் வழக்கு. ஹாலருக்குக் கொழுத்த கட்சிக்காரன். ஆனால் அந்தப் பெண்ணின் காயப்பட்ட முகத்தின் புகைப்படம் ஹாலருக்கு இன்னொரு வழக்கை நினைவூட்டுகிறது. மார்த்தா ரென்டேரியா என்ற பெண் கொலையான வழக்கு அது. அதில் ஹெசூஸ் மெனெண்டெஸ் என்பவனுக்கு வாதாடப் போய், மரண தண்டனை விழுந்துவிடும் என்று பயமுறுத்திக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்து, சான் குவென்டின் சிறைக்கு அனுப்பி வைத்தவன் ஹாலரேதான். நான் செய்யவில்லை என்று மெனெண்டெஸ் சொல்லிக்கொண்டே இருந்தான், ஹாலர் காதில் வாங்கவில்லை. இப்போது சிறைக்குப் போய் ரூலேயின் படத்தைக் காட்டுகிறான். மெனெண்டெஸின் முகம் பதில் சொல்லிவிடுகிறது.

இது நாவலின் நடுப்பகுதியிலேயே நடந்துவிடுகிறது. வாசகர்கள் இரண்டாகப் பிரிவதும் இங்கேதான். கொலையாளியைத் தேடும் ஆட்டத்துக்காக வந்தவர்கள், “மர்மம் முடிந்துவிட்டதே, இன்னும் இருநூறு பக்கம் எதற்கு?” என்கிறார்கள். தாமஸ் ஹாரிஸின் ‘ரெட் டிராகன்’ (1981), ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்’ (1988) படித்து வளர்ந்தவர்களுக்குத் தொடர் கொலையாளிக் கதை என்றால் துரத்தல்தான். அடுத்தவள் சாவதற்குள் பிடிக்க வேண்டும். கோர்ட் கதைக்கு அந்த அவசரம் கிடையாது. நடந்து முடிந்த ஒரு செயலை இந்த ஆள்தான் செய்தானா என்று உட்கார்ந்து, சாட்சிக்குச் சாட்சி நகர்ந்து பார்க்கும் வேலை அது. இரண்டு வகையையும் ஒரே நாவலில் கட்டிப்போட்டால் ஒன்று மற்றொன்றை இழுக்கும். ‘லிங்கன் லாய’ரில் அந்த இழுபறியையே கதையாக்கியிருக்கிறார் என்பது என் கணிப்பு. கொலையாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அவனைக் காப்பாற்றுவதற்கு மாதச் சம்பளம் போலப் பணம் வந்துகொண்டிருக்கிறது.

சரி, ஏன் சொல்லவில்லை?

1973 கோடை. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைப்பகுதியில் கூடாரம் போட்டிருந்த இளைஞர்களைத் தாக்கி, ஒருவனைக் கொன்றுவிட்டுக் காட்டுக்குள் ஓடினான் ராபர்ட் கேரோ. பன்னிரண்டு நாள் தேடல். அந்த மாநிலம் அதுவரை கண்டிராத அளவுக்குப் போலீஸ் படை இறங்கியது. சுடப்பட்டுப் பிடிபட்ட கேரோவுக்குக் கோர்ட் நியமித்த வக்கீல் சிரக்யூஸ் நகரத்து ஃபிராங்க் ஆர்மானி. குற்றவியல் வழக்கில் கைதேர்ந்த ஃபிரான்சிஸ் பெல்ஜையும் அவர் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். வழக்கு ஒரு கொலைக்குத்தான். ஆனால் வக்கீல்களிடம் பேசும்போது கேரோ இன்னும் கொலைகளைச் சொன்னான். காணாமல் போயிருந்த இரண்டு பெண்களை எங்கே போட்டான் என்றும் சொன்னான்.

வக்கீல்கள் போய்ப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் உடல் கைவிடப்பட்ட சுரங்கத்தின் காற்றுக் குழிக்குள் கிடந்தது. ஆர்மானி காலைப் பிடித்துக்கொள்ள, பெல்ஜ் தலைகீழாகத் தொங்கிக் கேமராவில் படம் எடுத்தார். இன்னொருத்தி சிரக்யூஸ் நகரத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் கிடந்தாள். பார்த்துவிட்டு வந்தார்கள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியின் தகப்பனார், மகளைப் பற்றிக் கேரோவுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்க இல்லினாய்ஸிலிருந்து கிளம்பி ஆர்மானியின் ஆபீஸ் வரைக்கும் வந்தார். ஆர்மானி அவரையும் ஒன்றும் சொல்லாமலே திருப்பி அனுப்பினார். கேரோவை மனநல மருத்துவமனைக்கு அனுப்பச் சம்மதித்தால் காணாமல் போனவர்களைப் பற்றித் தகவல் கிடைக்கும் என்று அரசுத் தரப்பிடம் பேரம் பேசிப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை. பல மாதம் கழித்து வேறு யார் கண்ணிலோ பட்டுத்தான் அந்த உடல்கள் கிடைத்தன.

1974 ஜூனில் லேக் பிளசண்ட் என்ற சின்ன ஊரில் விசாரணை நடந்தது. புத்தி பேதலிப்பு என்பதே எதிர்த்தரப்பின் வாதம். அதனால் கேரோ கூண்டிலேறித் தன் கொலைகளைத் தானே சொல்லும்படி ஆயிற்று. அவன் சொன்ன பிறகுதான் எங்களுக்கு முன்பே தெரியும் என்றார்கள் வக்கீல்கள். கேரோவுக்குத் தண்டனை கிடைத்தது. ஊராரின் ஆத்திரம் வக்கீல்கள்மேல் திரும்பியது. கொலை மிரட்டல்கள் வந்தன, ஆர்மானியின் தொழில் படுத்துவிட்டது. இறந்தவருக்கு முறையான அடக்கம் கிடைக்கச் செய்யவில்லை, மரணத்தைத் தெரிவிக்கவில்லை என்று பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் பெல்ஜ்மேல் குற்றச்சாட்டு பதிவானது. 1975-இல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். வக்கீல் கடமையைச் செய்திருக்கிறார் என்பது தீர்ப்பு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் தொழில் நெறி வகுப்பு என்றால் ‘புதைந்த உடல்கள் வழக்கு’ என்று இன்றைக்கும் இதைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

இந்த வழக்கைத் தெரிந்துகொண்ட பிறகு கானலி செய்திருக்கும் ஒரு காரியம் கண்ணில் படும். ஹாலரின் துப்பறிவாளனும் நண்பனுமான ரவுல் லெவின் சுட்டுக் கொல்லப்படுகிறான். சுட்ட துப்பாக்கி ஹாலருடையது. மிக்கி கோஹன் என்ற பழைய லாஸ் ஏஞ்சலிஸ் ரவுடி, பேர் பெற்ற வக்கீலான ஹாலரின் அப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்த பழைய கோல்ட் துப்பாக்கி. அதை வீட்டிலிருந்து திருடிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹாலர் வாயைத் திறந்தால் அந்தத் துப்பாக்கி வெளியே வரும், கொலைப் பழி அவன்மேல் விழும். இந்த ஏற்பாடு கதைக்கு நல்ல முறுக்குத் தருகிறது என்று வாசகர்கள் பாராட்டுகிறார்கள். கொஞ்சம் அதிகப்படி என்று சலித்துக்கொள்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் தெரிவது எழுத்தாளரின் பயம். தொழில் நெறி என்ற ஒன்றே ஒன்று ஒரு மனிதனின் வாயைக் கட்டிப்போடும் என்று வாசகர் நம்ப மாட்டார் என்று கானலிக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் இரண்டாவது பூட்டும் போட்டார். ஆர்மானியின் தலைக்கு யாரும் துப்பாக்கியை நீட்டவில்லை. சத்தியப் பிரமாணம் ஒன்றுதான் இருந்தது. அதை அப்படியே நாவலாக எழுதியிருந்தால் நடக்க முடியாத கதை என்று வாசகர்கள் ஒதுக்கியிருப்பார்கள்.

வாசகர்களின் கோபத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சட்டத் திரில்லரின் இரண்டு பெரிய முதல் நாவல்களை எடுத்துக்கொள்வோம். ஸ்காட் டுரோ சிகாகோவில் அரசு வக்கீலாக இருந்தபோது ரயில் பயணங்களில் எழுதிய ‘பிரிசூம்ட் இன்னசன்ட்’ (1987) நாவலின் கடைசியில், கொன்றது யார் என்பது கதை சொல்லும் ரஸ்டி சாபிச்சுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் யாரிடமும் சொல்லப் போவதில்லை. வாசகர்கள் அதைத் துயரமான முடிவு என்று மனதோடு வைத்துக்கொண்டார்கள். ஜான் கிரிஷாமின் ‘எ டைம் டு கில்’ (1989) இன்னும் ஒரு படி மேலே. மகளைச் சீரழித்த இருவரைத் தகப்பன் கோர்ட் கட்டடத்திலேயே சுட்டுக் கொல்கிறான். அவன்தான் சுட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவனை விடுவிக்க வக்கீல் படும் பாட்டை வாசகர் கை தட்டிப் படிக்கிறார். (முதல் பதிப்பு ஐயாயிரம் பிரதி. அதில் ஆயிரத்தைக் கிரிஷாமே விலை கொடுத்து வாங்கி விற்க அலைந்தார். 1991-இல் ‘தி ஃபர்ம்’ ஓடிய பிறகு அதே நாவல் லட்சக்கணக்கில் விற்றது. வாசகர் தீர்ப்பு என்பது எப்போது, யார் பெயரில் கேட்கிறோம் என்பதையும் பொறுத்தது போலும்.)

ஆக, கொலைகாரனைக் காப்பாற்றும் வக்கீலோ, கொலையை மறைக்கும் வக்கீலோ வாசகருக்கு ஒவ்வாத பொருள் இல்லை. தொடர் கொலையாளி என்றதும்தான் “ஏன் சொல்லவில்லை?” வருகிறது. காரணம் எளிது. சாபிச்சின் கதையில் நடந்தது மறுபடி நடக்காது, மகளுக்காகச் சுட்ட தகப்பன் இன்னொரு முறை சுட மாட்டான். ரூலே மறுபடி கத்தியை எடுப்பான். வாசகர் கேட்பது செத்தவளுக்காக இல்லை, அடுத்தவளுக்காக.

வேடிக்கை என்னவென்றால், சட்டமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. நடந்து முடிந்த குற்றத்தைக் கட்சிக்காரன் சொன்னால் வக்கீல் வாயைத் திறக்கக் கூடாது. நடக்கப்போகும் கொலையைத் தடுக்க வேண்டுமானால் சொல்லலாம். கலிபோர்னியா நெடுங்காலம் வக்கீலின் கடமையில் இந்த விலக்கைக்கூடச் சேர்க்காமல் பிடிவாதமாக இருந்தது. 2004 ஜூலையில்தான் சேர்த்தது, நாவல் வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன். சட்டம் தெரிந்த வாசகர் ஒருவர் இந்த இடத்தில் கானலியை மடக்கலாம். ரூலே ஹாலரின் மகளைக் குறிவைத்துச் சூசகமாக மிரட்டும்போதே அந்த விலக்கு பொருந்தாதா? பொருந்தும் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் சூசகம் வேறு, கொலை நடக்கும் என்று நியாயமாக நம்புவதற்கான ஆதாரம் வேறு. ரூலே அந்த இடைவெளிக்குள் நின்றுகொண்டுதான் பேசுகிறான்.

நம் நாட்டுச் சட்டமும் இதே பாதைதான். 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டம் 126-ஆவது பிரிவு, இப்போது 2023-இன் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 132-ஆவது பிரிவு. நான் போலிப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள் என்று கட்சிக்காரர் சொன்னால் அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு. இந்தப் போலிப் பத்திரத்தை வைத்துச் சொத்தைக் கைப்பற்ற வழக்குப் போடுங்கள் என்றால் கிடையாது. பழைய சட்டத்தின் உதாரணங்களே இப்படித்தான் விளக்கின. குற்றவாளி என்று தெரிந்தவருக்கு வாதாடுவது குற்ற நோக்கமாகாது என்று வெளிப்படையாகச் சொன்ன சட்டம் அது. நம் கதைகளின் வக்கீல்களான கணேஷும் வசந்தும் கொலையாளியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதைப் படித்து வளர்ந்த நமக்கு, கண்டுபிடித்ததை விழுங்கிக்கொண்டு உட்கார வேண்டிய வக்கீலைப் பார்த்தால் உறுத்தத்தான் செய்யும்.

கடந்த காலத்துக்குப் பூட்டு, எதிர்காலத்துக்கு ஒரு திறப்பு. சட்டமும் வாசகரும் ஒத்துப்போகும் இந்தப் பங்கீட்டில் ஒருவன் மட்டும் எந்தப் பக்கமும் வராமல் நிற்கிறான், மெனெண்டெஸ். மார்த்தா ரென்டேரியாவின் கொலை பழைய குற்றம். ஆனால் அதற்கான தண்டனையை ஒவ்வொரு நாளும் இவன் அனுபவித்துக்கொண்டிருக்கிறான். நாவலைப் பற்றிய பேச்சுகளில் ரூலே வருவான், கார் வரும், முன்னாள் மனைவியான அரசு வக்கீல் மேகி வருவாள். மெனெண்டெஸ் அவ்வளவாக வருவதில்லை. நாவலுக்கும் அவனிடம் பெரிய ஆர்வமில்லை, மார்த்தாவிடம் அதைவிடக் குறைவு. உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள் கதையில் அடிபடுகிறார்கள், கொலையாகிறார்கள், புகைப்படமாகக் கோப்புக்குள் போய்விடுகிறார்கள். பெண் வாசகர்கள் பலர் இந்த வகை நாவல்கள்மேல் வைக்கும் குற்றச்சாட்டு இது. ‘லிங்கன் லாய’ருக்கும் அது பொருந்தும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

மெனெண்டெஸின் நிலையை ஏதோ கதைக்காகக் கட்டியது என்று நினைக்க வேண்டாம். 1982-இல் சிகாகோவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக் காவலாளியைக் கொன்றதாக ஆல்டன் லோகன் என்பவர் கைதானார். இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்ற வழக்கில் சிக்கிய ஆண்ட்ரூ வில்சன், அந்தக் காவலாளியைச் சுட்டதும் நானே என்று தன் வக்கீல்கள் டேல் காவென்ட்ரி, ஜேமி குன்ஸ் இருவரிடமும் ஒப்புக்கொண்டான். வெளியே சொன்னால் வில்சனுக்கு மரண தண்டனை உறுதியாகிவிடும். வக்கீல்கள் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டிக்குள் வைத்தார்கள். அந்தப் பெட்டி காவென்ட்ரியின் கட்டிலுக்கடியில் கிடந்தது. லோகனுக்கு மரண தண்டனை விழுந்தால் எப்படியாவது தடுப்பது என்று எண்ணம். ஜூரியில் இருவர் மறுத்ததால் ஆயுள் தண்டனையோடு போயிற்று, பெட்டியும் மூடியே இருந்தது. நான் செத்த பிறகு சொல்லிக்கொள்ளுங்கள் என்று வில்சன் அனுமதி கொடுத்திருந்தான். 2007 நவம்பரில் அவன் சிறையில் செத்தான். 2008-இல் லோகன் வெளியே வந்தபோது இருபத்தாறு ஆண்டுகள் போயிருந்தன. கானலியின் நாவல் வெளிவந்த 2005-இல் அந்தப் பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில்தான் இருந்தது.

நாவலின் முடிவை வாசகர்கள் ஏன் இவ்வளவு ரசிக்கிறார்கள் என்பது இப்போது புரியும். ஹாலர் ஒரு வார்த்தையும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சிறைக்குள் மற்றக் கைதிகளைக் காட்டிக்கொடுத்துப் பிழைக்கும் ஓர் ஆளிடம் மார்த்தாவின் கொலை பற்றிய சேதி போய்ச் சேரும்படி செய்கிறான். அரசுத் தரப்பு ஆவலோடு அந்த ஆளைச் சாட்சியாகக் கொண்டுவருகிறது. ஹாலர் குறுக்கு விசாரணையில் அவனைக் கிழித்தெறிகிறான், ரூலேமேல் இருந்த வழக்கு விழுகிறது. வெற்றி பெற்ற கட்சிக்காரன் வெளியே வந்ததும் மார்த்தாவின் கொலைக்காகப் போலீஸ் அவனை வளைக்கிறது. மெனெண்டெஸுக்குச் சிறைக் கதவு திறக்கிறது. வக்கீல் கடமையும் தவறவில்லை, கொலையாளியும் தப்பவில்லை. கதைக் கட்டுமானமாகப் பார்த்தால் அபாரம். நெறியாகப் பார்த்தால், கட்சிக்காரன் நம்பிச் சொன்னதை அவனுக்கு எதிராகவே பின்வாசல் வழியாகக் கடத்தியிருக்கிறான் ஹாலர். வாயால் சொல்லவில்லை என்பது ஒரு சமாதானம், அவ்வளவுதான். முன்வாசல் வழியாகப் போக முடியாமல் தொழில் படுத்துப்போன ஆர்மானிக்கும், கட்டிலுக்கடியில் பெட்டியோடு தூங்கிய காவென்ட்ரிக்கும் கிடைக்காத வழியை அவனுக்கு எழுத்தாளர் போட்டுக் கொடுத்தார். திருப்தியான முடிவு என்று வாசகர் சொல்லும்போது இந்தச் சலுகையைத்தான் பாராட்டுகிறார்.

சில மாநிலங்கள் லோகனைப் போன்றவர்களுக்காக விதியைத் தளர்த்தியிருக்கின்றன. மாசசூசெட்ஸ் 1990-களின் கடைசியிலேயே, குற்றமற்றவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்படுவதையோ அவர் சிறையில் கிடப்பதையோ தடுக்க வக்கீல் ரகசியத்தை வெளியிடலாம் என்று எழுதி வைத்தது. கதை லாஸ் ஏஞ்சலிஸில் நடக்காமல் பாஸ்டனில் நடந்திருந்தால் ஹாலர் ஒரு ஃபோன் போட்டிருக்கலாம், நாவலும் பாதியில் முடிந்திருக்கும். ஆனால் அந்த விதி ‘சொல்லலாம்’ என்கிறது, ‘சொல்ல வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தவில்லை. ஃபோனை எடுத்தால், குற்றமற்றவனைப் பயமுறுத்தி ஒப்புக்கொள்ளச் செய்து சான் குவென்டினுக்கு அனுப்பிய வக்கீல் யார் என்பதையும் சேர்த்துத்தான் ஹாலர் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சட்டம் தடுக்காத இடத்தில் அவன் வாயைத் திறந்திருப்பானா என்று நாவல் அவனைச் சோதிக்கவில்லை.